வேலை தெரிந்த புத்தகங்கள்

மார்கழி பிறந்தால் எங்கள் தேயிலை ஃபேக்டரிக்கு இலை வரத்து குறைந்துவிடும். கோத்தகிரிப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போகும். தப்பித்த செடியும் குளிரில் சுணங்கி நிற்கும். மாசி வரைக்கும் இப்படித்தான். மற்ற மாதங்களில் எடைமேடைக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவில் மூச்சுவிட நேரம் இருக்காது. இந்த மாதங்களில் மட்டும், ஒரு இலை வண்டி போய் அடுத்தது வருவதற்குள் இருபது முப்பது பக்கம் படித்துவிடலாம்.

படிப்பதில் ஒரு வரிசை கிடையாது. கிளை நூலகத்தில் கைக்கு வருவது, ஊட்டிப் புத்தகத் திருவிழாவில் வாங்கியது, தம்பி கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்து போடுவது, போனில் இலவசமாகக் கிடைப்பது என்று எல்லாம் கலந்துதான் படிக்கிறேன். ஆனால் எதைப் படித்தாலும் ஒன்றைத் தேடுவேன். கதையில் வரும் ஆள் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார், அந்த வேலையை எழுதியவர் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறாரா என்பதுதான் அது. பச்சை இலையை ஒரு கை அள்ளினாலே முற்றலா இளசா என்று தெரிந்துவிடுவதுபோல, இரண்டு பக்கத்தில் இதுவும் தெரிந்துவிடும். இந்தக் குளிர்காலத்தில் படித்ததையும், அதற்கு முன்னால் படித்து இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருப்பதையும் இங்கே எழுதுகிறேன்.

‘எரியும் பனிக்காடு’ நாவலை நான் தனியாகப் படிக்கவில்லை. அம்மாவின் அம்மாவான என் அம்மாயிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வந்த ‘ரெட் டீ’தான் இது; இரா. முருகவேள் தமிழில் கொண்டுவந்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிழைக்க வழியில்லாத கருப்பனும் வள்ளியும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் ஒரு மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். பாலாவின் ‘பரதேசி’ படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். படம் பார்த்தாயிற்று, இனி எதற்குப் படிக்க வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். படத்தில் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவது இங்கே பக்கம் பக்கமாகக் குளிரோடும் கடனோடும் நகர்கிறது.

அம்மாயி சிலோனில் பிறந்தவர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவான ஐந்து லட்சத்துச் சொச்சம் பேரில் அவர் குடும்பமும் இருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் நீலகிரிக்கு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் பேர் பதிந்தார். ஓய்வு பெறும்வரை கொழுந்துதான் பறித்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாசித்தால் ஒரு வார்த்தை விடாமல் கேட்பார், இடையில் கேள்வியும் கேட்பார்.

“அட்டை கடிச்ச எடத்துல என்ன வச்சாங்கன்னு போட்டிருக்கா ஆயி?”

“அது போடல அம்மாயி.”

“போட்டிருக்கணும். நாங்க பொகையிலையும் சுண்ணாம்பும் கொழச்சு மொழங்கால் வரைக்கும் தேச்சுக்கிட்டுத்தான் மலைக்குப் போவோம். மழை பேஞ்சா அரை மணி நேரத்துல கழுவிட்டுப் போயிரும்.”

சரி என்று மேலே வாசித்தேன். ஆட்கள் காய்ச்சலில் விழும் பக்கங்கள் வந்தபோது அம்மாயி எதுவும் கேட்கவில்லை. டேனியலின் எழுத்தும் அந்த இடங்களில்தான் இறுகுகிறது. நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்தவர் எழுதியது அது. எந்தக் காய்ச்சல், எத்தனை நாளில் என்ன ஆகும், துரைமார் எதைச் செய்யாததால் அது பரவியது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணீர் வரவழைக்க வேண்டும் என்று அவர் எங்கேயும் மெனக்கெடவில்லை. நடந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறார், நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

கணக்குத் தீர்க்கும் இடம் வந்தபோது அம்மாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். வருஷமெல்லாம் உழைத்தும் முன்பணம் கழியவில்லை, ஊருக்குப் போக முடியாது என்று கருப்பனுக்குத் தெரியவரும் இடம். “இதை இன்னொரு வாட்டி படி” என்றார். படித்தேன். “பேரேட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு ஒருத்தன் சொன்னா நாம என்னத்த கண்டோம்” என்றார். அவருடைய அம்மா காலத்தில் கண்டிச்சீமையில் கங்காணி எழுதி வைத்ததுதான் கணக்கு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் பாக்கி எவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்தத் துண்டு முறையைப் பற்றி அன்றைக்கு ராத்திரிதான் அம்மாயி முதல்முதலாகச் சொன்னார். நானும் அதுவரை கேட்டதில்லை.

இந்த இடம் என்னையும் விடவில்லை, அதற்குக் காரணம் என் வேலை. நான் பேரேட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் இலையை நிறுத்து, சாக்குக்குக் கழித்து, மழை நாளில் ஈரத்துக்கும் கழித்துச் சீட்டு எழுதுகிறேன். இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீரும் எடைதான். கழிக்காவிட்டால் ஃபேக்டரிக்கு நஷ்டம், ஒரு கிலோ கூடக் கழித்தாலும் விவசாயி வயிற்றில் அடிப்பது. கருப்பன் நிற்கும் பக்கத்தைப் படித்த பிறகு, கழிவு எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். படித்துச் சொல்லத் தெரியாத வயதானவர்கள் இன்னும் இலை கொண்டுவருகிறார்கள்.

அந்தச் சூட்டோடு புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யையும் அம்மாயிக்கு வாசித்தேன். திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழியும் மருதியின் கதை, 1930-களில் எழுதியது. ஊர்ப் பக்கம் நடக்கும் பகுதிகளில் அவர் பேனா ஓடுகிற ஓட்டமே வேறு. பண்ணையார் வீட்டுத் தோரணை, சேரியின் பேச்சு எல்லாம் கண்முன்னால் நிற்கிறது. தோட்டத்துக்கு வந்ததும் எனக்கு அந்த நெருக்கம் கிடைக்கவில்லை. கங்காணி இருக்கிறான், துரை இருக்கிறான், மருதியின் துயரம் இருக்கிறது. கூடையின் கனம் தோளில் இறங்கவில்லை. அம்மாயி வேறு மாதிரி சொன்னார்: “அந்தப் புள்ளைக்கு நடந்தது நடந்ததுதான். கூடையைப் பத்தி எழுதி என்ன ஆகப்போவுது?” இன்னும் இதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நீலகிரியிலேயே நடக்கும் நாவல். ஹட்டி என்று சொல்லும் படகர் ஊர் ஒன்றின் மூன்று தலைமுறை. கோயில் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படும் சிறுவன் ஜோகி, பணத்தின் பின்னால் ஓடும் ரங்கன், பாரு, கிருஷ்ணன் என்று ஆட்கள். ராகியும் சாமையும் விளைந்த சரிவில் உருளைக்கிழங்கும் தேயிலையும் வருகின்றன, எருமைகள் குறைகின்றன, கடைசியில் அணையும் மின்சாரமும் வருகின்றன. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் குறிஞ்சி இந்தக் காலத்துக்கெல்லாம் கணக்கு வைக்கிறது. முசிறியில் பிறந்தவர் அவர். கணவர் மின்துறைப் பொறியாளர் என்பதால் இந்த மலையில் வந்து இருந்து, பார்த்து, கேட்டு எழுதினார்.

எங்கள் ஆபீஸில் ஒரு படகர் அக்கா இருக்கிறார். வருஷா வருஷம் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் பேரகணிக்கு நடந்தே போவார். அவருக்குத்தான் புத்தகத்தை முதலில் கொடுத்தேன். பால் கறப்பதும் தயிர் கடைவதும் வரும் இடங்களைப் பற்றி என்னிடம் ஒரு வாரம் பேசினார். அந்த வேலையெல்லாம் அவர் பாட்டியோடு போய்விட்டது. அவர் வீட்டில் இப்போது பாக்கெட் பால். ஆனால் ரங்கன் விஷயத்தில் கோபம். “காசு தேடினவன் கெட்டவன், மாடு மேய்ச்சவன் நல்லவன்னு ஆயிடுது பாத்தியா? உருளைக்கெழங்குல வந்த காசுதான் எங்க அப்பாவைப் படிக்க வச்சது. அப்பா படிச்சதாலதான் நான் இந்த நாற்காலியில இருக்கேன்” என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய வாழ்க்கையின் மேல் ராஜம் கிருஷ்ணனுக்கு இருக்கும் ஆசை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பனிக்காலத்தில் சாமைக் களி தின்று, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் அதற்குத் திரும்பிப்போக விரும்புவார்கள்? ஆனாலும் இந்த நாவலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளியூர்க்காரர் ஒருவர், இன்னொரு சமூகத்தின் அடுக்களையையும் வயலையும் இவ்வளவு பொறுமையாகப் பார்த்து எழுதியிருக்கிறார். இந்த மலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பைன் மரத்துக்குக் கீழே போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

அவர் எழுத்தில் பிடித்துப்போய் ‘கரிப்பு மணிகள்’ எடுத்தேன். அவருடைய நூல்களை அவர் உயிரோடு இருக்கும்போதே தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியதால் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. இது தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் கதை. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு போனில் பக்கம் தள்ளிய குளிர் நாளில், கண்ணைக் கூச வைக்கும் வெயிலும் உப்பும் நிறைந்த நாவலைப் படித்தேன். பொன்னாச்சியும் தம்பியும் அளத்து வேலைக்கு வருகிறார்கள். உப்புநீரில் நின்று நின்று காலில் புண், வெள்ளை வெளேர் என்ற பரப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் எரிச்சல், கழுவிக்கொள்ள நல்ல தண்ணீருக்கே பாடு. குழம்பில் உப்புப் போடும்போது அந்தக் கால்கள் நினைவுக்கு வராமல் போவதில்லை. ஒரு பிரச்சினையும் உண்டு: ஆட்கள் சில இடங்களில் மேடையில் பேசுவதுபோல நீளமாகப் பேசுகிறார்கள். வேலையைக் காட்டும்போதே எல்லாம் விளங்கிவிட்டது, பேச்சு இல்லாமலே விட்டிருக்கலாம்.

ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்தேன். எண்பத்து நான்கு நாள் மீனே கிடைக்காத கிழவன் சாந்தியாகோ, மறுநாள் தனியாகப் போய்ப் படகைவிட நீளமான மீனைப் பிடிக்கிறான், கரை சேர்வதற்குள் சுறாக்கள் அதைத் தின்றுவிடுகின்றன. எனக்கு மீன் பிடிப்பதும் தெரியாது, கடலும் தெரியாது. ஆனால் கயிற்றை முதுகில் சுற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க அவன் உட்கார்ந்திருப்பதும், இடது கை மரத்துப்போய் மடங்கிக்கொள்ள, அந்தக் கையைத் திட்டுவதும், தெம்பு வேண்டும் என்பதற்காகப் பச்சை மீனை உப்பில்லாமல் மென்று விழுங்குவதும் அப்படியே எனக்கு நடந்ததுபோல இருந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் விரல் விரியாமல் வரும் ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். வேலையை நன்றாகத் தெரிந்த ஒருவன், ஒரு தப்பும் செய்யாமல், வெறுங்கையோடு வருகிறான். இதைவிட உண்மையான கதையை இந்த வருஷம் நான் படிக்கவில்லை.

தம்பி கொண்டுவந்த கட்டில் ஜிம் கார்பெட்டின் குமாவுன் ஆட்கொல்லிப் புலிகளின் கதையும் இருந்தது. வேட்டைக்காரர் பெருமை பேசுவார் என்று நினைத்துத்தான் திறந்தேன், பிடித்துக்கொண்டது. முதலிலேயே அவர், புலி ஏன் மனிதனைத் தின்ன ஆரம்பிக்கிறது என்று விளக்குகிறார்: காயம் பட்டோ, முள்ளம்பன்றி முள் ஏறியோ, வயதாகியோ வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போவதுதான் காரணம். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-ல் சுட்ட பிறகு வாயைத் திறந்து பார்க்கிறார். பழைய துப்பாக்கிக் காயத்தில் வலது பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருக்கின்றன. அந்தப் புலிக்காகவும் அவர் வருத்தப்படுகிறார், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வர முடியாமல் கிடந்த ஊருக்காகவும் வருத்தப்படுகிறார். தனக்குப் பயமாக இருந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறார்.

2021-ல் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி-23 புலியைத் தேடிய நாட்கள் எங்களுக்கெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. நாலு பேரைக் கொன்றதாகச் சொன்னார்கள். வனத்துறை ஆட்கள், கும்கி யானை, டிரோன், மோப்ப நாய் என்று வாரக்கணக்கில் தேடி, அக்டோபர் 15-ம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். கூடலூரில் இருக்கும் என் சித்தி அந்த நாட்களில் கொழுந்துக்குப் போகவே இல்லை. குனிந்து நிற்கும் ஆளைத்தான் புலி அடிக்கும் என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். கொழுந்து எடுக்கிறவள் நாளெல்லாம் செடிக்கு நடுவில் குனிந்துதான் நிற்கிறாள். கார்பெட்டின் ஊர்களில் புல் அறுக்கவும் தழை ஒடிக்கவும் போன பெண்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள். சித்திக்கு போனில் இதைச் சொன்னேன். “அந்தக் காலத்துலயும் பொம்பளைங்கதானா” என்று மட்டும் கேட்டார்.

இதே வரிசையில் ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையும். ‘அறம்’ தொகுப்பில் இருக்கிறது. டாப்ஸ்லிப்பில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற நிஜ மனிதரை வைத்து எழுதியது. அழுகிய யானை உடலை அறுத்துப் பரிசோதிக்கும் காட்சியைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாம். ஆனால் அந்தக் காட்சிதான் கதையின் முதுகெலும்பு. நெளியும் புழுக்களைக்கூட அருவருப்பில்லாமல் பார்க்கிற டாக்டரோடு சேர்ந்து, நாமும் கொஞ்ச நேரத்தில் அருவருப்பை மறந்துவிடுகிறோம். சுற்றுலா வந்தவர்கள் காட்டில் உடைத்துப்போடும் பீர் பாட்டில், யானையின் காலில் ஏறி அது எப்படிச் சாகிறது என்று அவர் விளக்கும் இடத்தை எங்கள் ஃபேக்டரி நோட்டீஸ் பலகையில் ஒட்டலாம் என்று தோன்றியது. இங்கே ரோட்டோரத் தோட்டங்களிலிருந்து வரும் இலையில் கண்ணாடிச் சில்லு வருகிறது. ஆணி, கம்பி என்றால் இலையை நசுக்கும் ரோலருக்குப் போகும் முன்னால் காந்தம் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியைக் காந்தம் பிடிக்காது. இலையைக் காற்றில் வாட விடும் வாடல் தொட்டியில் இலை பரப்பும் அக்காக்கள்தான் கையால் துழாவி எடுக்கிறார்கள், அவர்கள் கையில்தான் கிழிக்கிறது.

மாத நாவல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் அம்மா படிப்பதால் எனக்கும் கைக்கு வரும். நாயகன் பெரிய தொழிலதிபராக இருப்பான், பல ஃபேக்டரிகள் இருக்கும், ஒரு பக்கத்தில்கூட அதற்குள் போக மாட்டான். என்ன செய்கிற ஃபேக்டரி என்றே சில கதைகளில் தெரியாது. அம்மாவுக்கு அதனால் குறையொன்றும் இல்லை. நாளெல்லாம் வேலையில் கிடந்தவளுக்கு வேலை இல்லாத உலகத்தில் ஒரு மணி நேரம் இருக்கப் பிடிக்கிறது. அதை நான் மதிக்கிறேன், எனக்குத்தான் ஒட்டவில்லை.

‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நூலகத்தில் எடுத்தேன். ஜே.ஜே. இறந்த செய்தியோடு தொடங்கும் அந்த முதல் வரி, பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் என்று சேர்த்துச் சொல்கிற விதம், உடனே உள்ளே இழுத்தது. சுந்தர ராமசாமியின் வாக்கியங்கள் செதுக்கியவை என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் எழுத்தாளர்கள் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே போகும் பக்கங்களில் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அந்த உலகத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய புத்தகமாக இருப்பது நியாயம்தான்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நேர் எதிர். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா என்ற ஒருத்தி, அவள் தங்கை சாயா, பக்கத்தில் டீச்சரம்மா. கதை என்று பெரிதாக எதுவும் நடப்பதில்லை. குடத்தோடு நடக்கிறார்கள், பம்பு அடிக்கிறார்கள், காத்திருக்கிறார்கள், ரோட்டைத் தோண்டுகிறார்கள். குடம் தூக்குவதும் வேலைதான் என்று எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். இத்தனை மழை பெய்யும் மலையில் கோடைக்குக் கோடை நாங்களும் குடத்தோடு நிற்கிறோம். மேட்டுத் தெருவுக்கு ஒரு குடம் ஏற்றுவது சமவெளியில் மூன்று குடம் சுமப்பதற்குச் சமம். ஜமுனாவின் மனசில் ஓடுவதை அவர் ஓரிரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நான் அந்த வரிகளில் நின்று நின்று படித்தேன்.

சேப்பியன்ஸ் தமிழில் வந்திருப்பதை முக்கால்வாசி படித்தேன். யுவால் நோவா ஹராரி பத்தாயிரம் வருஷத்தை ஒரு அத்தியாயத்தில் தாண்டிவிடுகிறார். அந்த வேகத்தில் ஆட்களின் முகம் தெரிவதில்லை, எல்லாரும் ‘மனிதர்கள்’ ஆகிவிடுகிறார்கள். அது எனக்குக் குறை. ஆனால் விவசாயம் பற்றிய அத்தியாயத்துக்காக மட்டுமே புத்தகத்தை யாருக்கும் சிபாரிசு செய்வேன். மனிதன் கோதுமையைப் பழக்கவில்லை, கோதுமைதான் மனிதனைப் பழக்கியது என்கிறார்: அதற்காகக் கல் பொறுக்கி, களை பிடுங்கி, தண்ணீர் சுமந்து, முதுகை ஒடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் குடியேறிவிட்டோமாம். படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். எதிர்ச் சரிவு முழுக்கத் தேயிலை. விட்டால் மரமாகிவிடும் செடி அது. ஆள் எட்டிப் பறிக்க வாகாக, இடுப்பளவுக்குக் கவாத்து பண்ணி நிறுத்துகிறோம். ஆனால் திருச்சி ஜில்லாவிலிருந்து எங்கள் குடும்பத்தைக் கண்டிக்குக் கொண்டுபோனது அந்தச் செடிதான். கண்டியிலிருந்து கோத்தகிரிக்குக் கொண்டுவந்ததும் அதுதான். அம்மாயியின் முதுகு இன்றைக்கும் நிமிரவில்லை. கோதுமையைப் பற்றி எழுதியவர் தேயிலையைப் பற்றி எழுதியிருந்தால் எங்கள் பெயர்கள் அதில் வந்திருக்க வேண்டும்.

என் அளவுகோலுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் எனக்குப் பிடித்த புத்தகம் ‘பொன்னியின் செல்வன்’. ஐந்து பாகத்தையும் இரண்டாவது தடவையாகப் படிக்கிறேன், இந்தத் தடவை அம்மாயிக்காக. அவருக்கு வந்தியத்தேவனைவிடப் பூங்குழலியைத்தான் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான். அந்தக் கதையில் கைவேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்றுகூடச் சொல்வேன்: துடுப்பு பிடிக்கிறாள், காற்றும் நீரோட்டமும் பார்க்கிறாள், கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்கு வந்தியத்தேவனைப் படகில் கொண்டுபோய் விடுகிறாள். அந்த இடத்தை வாசித்தபோது அம்மாயி நிறுத்தச் சொன்னார்.

“ராத்திரியிலயா போனாங்க?”

“ஆமா அம்மாயி.”

“நாங்க வந்தது பகல்ல. கப்பல் முச்சூடும் வாந்தி. உங்கம்மா கைப்புள்ளை. தண்ணியைத் திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு எங்க அத்தை சொல்லிட்டாங்க, நான் பாத்தேன்.”

கல்கி அந்தக் கடலை அலங்காரமாக எழுதியிருக்கிறார், நிலாவும் அலையும் பாட்டும். அதே கடலின் இன்னொரு இடத்தைக் கடந்து வந்த ஒருத்திக்கு அதை வாசித்துக் காட்டும்போது அலங்காரம் உறுத்தும் என்று பயந்தேன். அம்மாயிக்கு உறுத்தவில்லை. பூங்குழலி பத்திரமாகக் கரை சேர்ந்தாளா என்பதுதான் அவர் கவலை.

இவ்வளவு படித்தும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. நான் படித்த தேயிலைக் கதைகளெல்லாம் எடைமேடையோடு நின்றுவிடுகின்றன. கொழுந்து சாக்கில் கட்டி வண்டி ஏறியதும் எழுத்தாளர் வீட்டுக்குப் போய்விடுகிறார். அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. வாடல் தொட்டியில் விடிய விடியக் காற்று ஓடும். உடைகிற இலை துவண்டு, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம் வர வேண்டும். ரோலரில் நசுங்கி வரும்போது பச்சைப்புல் வாசனை. ஃபெர்மெண்டிங்கில் அது பழ வாசனையாக மாறிக்கொண்டே வரும், நிறம் செம்புக்குத் திரும்பும். எங்கள் ஃபேக்டரியில் அந்த நிமிஷத்தை இன்னும் ஒரு மனிதரின் மூக்குதான் முடிவு செய்கிறது. கொஞ்சம் முந்தினால் கசப்பு, பிந்தினால் ரசம் சப்பென்று ஆகிவிடும். டிரையருக்குப் பக்கத்தில் நிற்பவர் மார்கழிக் குளிரிலும் பனியனோடு நிற்பார், வெளியே வந்தால் நடுங்குவார். நாலரை கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூளாகிறது என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வோம். அந்த மூன்றரைக் கிலோ ஆவியாகப் போவதற்குள் ராத்திரி முழுக்க எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று ஒரு நாவல் வேண்டும்.

ராஜம் கிருஷ்ணன்போலத் தேடிவந்து பார்க்கிறவர் யாராவது எழுத முன்வந்தால், ராத்திரி ஷிஃப்டில் கூட நிற்க எங்கள் முதலாளியிடம் நான் அனுமதி கேட்டு வாங்கித் தருகிறேன். மேஸ்திரியோடு வாடல் மாடியில் நிற்கலாம், கேட்பதற்கெல்லாம் அவர் பதில் சொல்வார்.